எங்கள் ஏரியா ரேஷன் கடை: அரிசிக்கு ஒரு நடை, பருப்புக்கு இன்னொரு நடை

பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் ஸ்டார் போடுகிறோம், மாதம் தவறாமல் போய் நிற்கிற ரேஷன் கடைக்கு யாரும் போடுவதில்லை. நான் போடுகிறேன், ஐந்துக்கு மூன்று. மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கிற கடை. தெருப் பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த மாதமும் அந்த அண்ணன் முகத்தில்தான் நான் முழிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். முன்னுரிமை இல்லாத கார்டு, அதாவது என்பிஹெச்ஹெச். அரிசி 20 கிலோ, காசு கிடையாது, 2011 ஜூனிலிருந்தே அப்படித்தான். சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், துவரம் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு பாக்கெட் 25. ஆக மொத்தம் 105 ரூபாய். கீழமாசி வீதியில் மொத்தக் கடை ஏறி இறங்கினாலும் இந்தக் காசுக்கு ஒரு கிலோ நல்ல பருப்பு வாங்கிவிட்டால் பெரிய விஷயம். கோதுமை வேண்டும் என்றால் அரிசியில் கழித்துக்கொள்வார்கள்.

புழுங்கல் அரிசி இட்லி மாவுக்கு அருமை. சோறு வடித்தால் ஒரு மூட்டை வாடை இருக்கும், நாலு தண்ணீர் களைந்தால் போய்விடும். ஊறப்போட்டபோது சில மணிகள் மிதந்ததைப் பார்த்து என் மனைவி பிளாஸ்டிக் அரிசி என்று கொட்டவே போய்விட்டார். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் சேர்த்து மறுபடி அரிசி மாதிரியே செய்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. இதை ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும்.

இரண்டு ஸ்டார் எங்கே போனது என்றால், நடையில். எல்லாச் சாமானும் ஒரே நாளில் கிடைத்த மாதத்தை விரல் விட்டு எண்ணலாம். "பருப்பு லோடு இன்னும் வரலண்ணே, இருபது தேதிக்கு மேல வாங்க." நான் பைக்கில் போகிறவன், திட்டிக்கொண்டே திரும்பி வந்துவிடுவேன். எனக்கு முன்னால் நின்ற பூக்கட்டும் அக்காவுக்கு ஒரு நடை என்றால் அரை நாள் வருமானம் போச்சு, அப்புறம் அந்தப் பருப்பு 30 ரூபாய்ப் பருப்பா என்ன?

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரிசியும் பருப்பும் ஒரே பையிலிருந்து வருவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ, பரம ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டுக்கு 35 கிலோ என்று போகிற அரிசி மத்திய அரசின் கணக்கு. என்னைப் போன்ற கார்டுக்கு வரும் அரிசியை மாநில அரசு மத்தியத் தொகுப்பில் கிலோ 8.30 ரூபாய்க்கு வாங்கி நமக்குச் சும்மா தருகிறது. பருப்பும் பாமாயிலும் 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டம், முழுக்க மாநிலச் செலவு. நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்க வேண்டும். டெண்டர் இழுத்தால் பருப்பும் இழுக்கும்.

"மாசச் சம்பளம் வாங்குற உனக்கு எதுக்குடா ரேஷன்" என்று என் மச்சான் கேட்பான். நானும் அந்த அக்காவும் ஒரே வரிசையில் நிற்பதால்தான் அரிசி இந்த அளவுக்காவது வருகிறது என்பது என் கட்சி. இல்லாதவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் புழு நெளிந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

ஆனால் ஒன்றை மன்னிக்க முடியாது. போன மாசி மாதம் பருப்பு வாங்கவே இல்லை, வாங்கியதாக போனுக்கு மெசேஜ் வந்தது. நேரே போய்க் காட்டினேன். "தப்பா அமுங்கிருச்சுண்ணே" என்று ஒரு கிலோ போட்டுக் கொடுத்தார். மெசேஜ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இப்படித் தப்பாக அமுங்குமா? உப்பும் டீத்தூளும் வாங்கினால்தான் ஆச்சு என்கிற மாதிரி தள்ளுவதும் உண்டு. வேண்டாம் என்று சொல்லலாம், கட்டாயம் இல்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூட்டையே எடை குறைவாக வருகிறது என்கிறார், தராசை பில் மிஷினோடு இணைத்த பிறகு ஒவ்வொரு சாமானாக வைத்து எடுப்பதற்குள் வரிசை தெருமுனைக்குப் போய்விடுகிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கைரேகை தேய்ந்து போய் மிஷின் எடுக்கவே எடுக்காது, கருவிழி வைத்து எப்படியோ ஒப்பேற்றுவார்கள். 2025 ஆகஸ்டில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று தாயுமானவர் திட்டம் வந்த பிறகு சாமான் வண்டியில் வீட்டுக்கே வருகிறது. கடையில் சிடுசிடுக்கிற அதே அண்ணன், பாட்டி வீட்டு வாசலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்.

போகிறவர்கள் சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். கிளம்புவதற்கு முன், கார்டில் பதிவு செய்த போனிலிருந்து 9773904050க்கு பிடிஎஸ் 101 என்று ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினால் கடையில் என்ன இருப்பு என்று வரும், 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். புகாருக்கு 1967. பருப்பு வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.