ப்ளேராங்கூர் மியூசியம்: அந்த நர்ஸ்களுக்காகவே ஒரு முறை போகலாம்

பாரிஸில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ப்ளேராங்கூரில் இருக்கும் பிரெஞ்சு-அமெரிக்க மியூசியத்துக்கு நேராக ரயில் கிடையாது. பாரிஸின் கார் டு நோர் ரயில் நிலையத்தில் ஏறி நொயோனில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி பார்க்க வேண்டும், இல்லையென்றால் சொந்தக் கார். அவ்வளவு அலையலாமா என்று கேட்டால், முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் பக்கம் வந்து வேலை பார்த்த அமெரிக்கப் பெண்களைப் பற்றி அறிய ஆசை உள்ளவர்கள் தாராளமாக அலையலாம்.

இடம் 17ஆம் நூற்றாண்டு மாளிகை. நடுக் கட்டடம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே போய்விட்டது, வாசலும் சின்னச் சின்னக் கட்டடங்களும்தான் மிச்சம். 1917இல் பின்வாங்கிய ஜெர்மன் படை இந்த வட்டாரத்தில் வீடுகளைத் தகர்த்து, கிணறுகளைப் பாழாக்கி, பழ மரங்களைக்கூட வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனது. அதே வருஷம் அமெரிக்க வங்கி முதலாளி ஜே. பி. மார்கனின் மகள் ஆன் மார்கன் இங்கே வந்து மரக் குடிலில் தங்கி உதவி வேலையைத் தொடங்கினார். 1918 சண்டையில் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப நேர்ந்தும், மறுபடி வந்து 1924 வரை அவருடைய நிவாரணக் கமிட்டி இங்கே இருந்தது.

உள்ளே நான் அதிக நேரம் நின்றது ஃபோர்டு ஆம்புலன்ஸ் முன்னால். படத்தில் பார்ப்பதைவிட ரொம்பச் சின்ன வண்டி. பின்பக்கம் வெறும் மரப்பெட்டி மாதிரிதான், அதில் மூன்று பேரைப் படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள். கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கமிட்டிப் பெண்களும் ஃபோர்டு வண்டிகளைத்தான் ஓட்டினார்கள், ரிப்பேரும் அவர்களேதான். குண்டு விழுந்து குழியான சாலையில், மழைக்காலச் சேற்றில் அப்படி ஒரு வண்டியில் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நான் போனது மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற அமெரிக்க நர்ஸுக்காக. பிறந்த அன்றே ஒரு பெண் குழந்தையையும், 1918இல் நாலு வயது மகனையும் பறிகொடுத்தவர். அடுத்த வருஷமே கடல் கடந்து வந்து, பக்கத்தில் விக்-சூர்-எய்னில் இந்தக் கமிட்டியின் வேலையில் சேர்ந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிட அங்கே அவசரமாக இருந்தது பால். மாடுகள் போரில் போய்விட்டன, கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வாடிக் கிடந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா, அமெரிக்காவில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதி ஆடு வாங்கப் பணம் கேட்டார். ஆடு இடிந்த வீட்டோரத்தில் முளைத்ததைத் தின்றே பால் கொடுக்கும், பராமரிப்புச் செலவும் குறைவு. அப்புறம் சிறு குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் சத்துணவு, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் என்று வேலை விரிந்தது. நிவாரணம் என்றால் இதுதான் என்பேன், எதிரே இருக்கிற வீட்டில் எது இல்லையோ அதைக் கொண்டுவந்து சேர்ப்பது.

பிரசவமும் பார்க்கத் தெரிந்த பிரிட்டிஷ் நர்ஸ்களை அவர் முதலில் சந்தித்ததும் பிரான்ஸில்தான். பிறகு லண்டனில் தானே அந்தப் படிப்பை முடித்து, 1925இல் அமெரிக்காவின் கெண்டக்கி மலைக் கிராமங்களில் குதிரையில் போகும் நர்ஸ்களை வைத்து ஒரு சேவையைத் தொடங்கினார். இங்கே எய்ன் வட்டாரத்திலும் வேலை நின்றுவிடவில்லை, சுவாசோனில் ஆன் மார்கன் பெயரில் ஒரு மருத்துவச் சங்கம் இன்றும் வீடு தேடி வந்து சிகிச்சை தருகிறது.

என் ஒரே ஏக்கம், நர்ஸ்களுக்கென்றே தனியாக ஒரு பெரிய அறை வேண்டும் என்பது. மியூசியம் இரு நாட்டு உறவு முழுவதையும், ஓவியங்கள் உட்பட, சொல்கிற இடம் என்பதால் பார்வை பல பக்கம் போகிறது. நன்கொடை திரட்ட ஆன் மார்கன் எடுக்கவைத்த போட்டோக்களையும் சினிமாப் படங்களையும் மட்டும் அவசரப்படாமல் பாருங்கள், முகங்கள் தெளிவாக இருக்கின்றன. முன்பே கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் இரட்டிப்புப் பலன்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, அமெரிக்கச் செடி கொடிகளாக நட்டிருக்கிறார்கள், பிள்ளைகளை அங்கே ஓடவிடலாம். சாப்பாடு கையோடு கொண்டுபோய்விடுங்கள், சின்ன ஊர். கார் இருந்தால் திரும்பும்போது விக்-சூர்-எய்ன் வழியாக வாருங்கள், அதிகம் சுற்று இல்லை.