பினாங்கில் வாசெக்டமி: லீவின் கடைசி வாரத்தில் செய்துகொள்ளாதீர்கள்

மூன்று வார லீவில் பினாங்குக்குப் போன இடத்தில், மெல்பர்னில் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. மனைவிக்கு இரண்டு பிள்ளையும் சிசேரியன், இனி என் முறைதான் என்று எப்போதோ பேசி வைத்திருந்தோம். மெல்பர்னிலேயே செய்திருக்கலாம், ஆனால் படுத்துக்கிடந்தால் அங்கே சோறு போட அம்மா இல்லையே.

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்றது, அப்புறம் அடிவயிற்றிலிருந்து யாரோ நூலை இழுப்பது மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கத்தி வைக்காமல் சின்னத் துளை போட்டு, இரு பக்க விந்துக்குழாயையும் வெட்டி மூடினார்கள். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டக் கூடாது என்பதால் பட்டர்வொர்த் வீட்டுக்கு மச்சான் கூட்டிப்போனான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் வண்டி எங்கெங்கே தடக்கென்று குதிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கைலி கட்டினேன். தப்பு. மரத்தது விட்டதும் பந்து பட்டது போல மந்தமான வலி, எழுந்து நடந்தால் கீழே பாரம் தொங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "இறுக்கமான ஜட்டி போடச் சொன்னோமே அங்கிள்" என்று மிஸ்ஸி (நர்ஸ்) கடிந்துகொண்டார். போட்டதும் பாதி வலி குறைந்தது. ஒரு வாரமாவது இரவும் பகலும் போட வேண்டும். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். ஐஸ் வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை, ஃப்ரீசரிலிருந்த ரொட்டி சானாய் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி, இருபது நிமிஷம் வைப்பதும் எடுப்பதுமாக இரண்டு நாள் ஓட்டினேன். அந்தப் பாக்கெட் அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அது சகஜமாம். வீக்கம் வேகமாகப் பெரிதானாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோதான் உடனே ஓட வேண்டும்.

"ஆம்பளைக்கு எதுக்குடா இது, பலம் போயிடாதா?" என்றார் அம்மா. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது, அது இந்தக் குழாய் வழியாகவே போவதில்லை, அடைத்தது விந்தணு போகும் பாதையை மட்டும் என்று சொன்னேன். விந்தின் அளவுகூட குறைந்தது தெரியாது. அம்மா நம்பினாரா என்று தெரியாது, மறுநாள் ஆட்டுக்கால் சூப் வந்தது.

ஆஸ்பத்திரியின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கொடுத்த தாளில் காயத்தைக் கழுவுவது பற்றி அரைப்பக்கம் இருந்தது, விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. "ஒரு வாரத்துல எல்லாம் ஓகே" என்றார்கள். உறவு வைத்துக்கொள்ள ஒரு வாரம் சரிதான், ஆனால் வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே இருக்கும் விந்தணு தீர ஏறக்குறைய மூன்று மாதமும், இருபது தடவை விந்து வெளியேறுவதும் ஆகும். பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வரும்வரை மனைவி கர்ப்பம் தரிக்க வாய்ப்புண்டு. வந்த பிறகும் குழாய் தானாகச் சேர்ந்துகொள்வது 2,000 பேரில் ஒருவருக்கு நடக்கும் என்கிறார்கள். நானே கேட்டுத்தான், செய்ததையெல்லாம் எழுதிய கடிதம் ஒன்றை வாங்கினேன். மெல்பர்ன் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், கடைசி வாரத்தில் செய்துகொண்டது. ஐந்தாம் நாள் விமானம், கோலாலம்பூரிலிருந்து எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடி. போதாததற்கு அம்மா கட்டிக்கொடுத்த சம்பாலும் முறுக்கும் அடைத்த முப்பது கிலோ பெட்டியை விமான நிலைய பெல்ட்டிலிருந்து நானே தூக்கினேன். ஒரு வாரம் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்னது அப்போது ஞாபகமே வரவில்லை, வீட்டுக்கு வந்து ஜட்டியைக் கழற்றியதும் வந்தது. வீக்கம் வடிய இன்னும் பத்து நாள் ஆனது. லீவின் முதல் வாரத்திலேயே செய்துகொள்ளுங்கள், பெட்டியை வேறு யாராவது தூக்கட்டும்.

பரிசோதனை அடுத்த மாதம். அதுவரை ஆணுறைதான்.