70-200ஆ, 70-300ஆ? செம்பனைத் தோட்ட ஊரில் இரண்டு கேனன் டெலிஃபோட்டோ லென்ஸ்களுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் ஊருக்கு அரசாங்கப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் நாற்புறமும் செம்பனை (எண்ணெய்ப் பனை) சூழ்ந்த இந்த ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கோவில் திருவிழா, விடுமுறை நாள்களில் பறவைகள் என்று பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். தொலைவில் உள்ளதை அருகில் கொண்டுவர ஒரு லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள். கேனன் இ.எஃப். 70-300 மி.மீ. எஃப் 4-5.6 ஐ.எஸ். 2 ஒன்று, இ.எஃப். 70-200 மி.மீ. எஃப் 4 எல் ஐ.எஸ். மற்றொன்று. மி.மீ. எண் எவ்வளவு தூரத்தை அருகில் கொண்டுவரும் என்பதையும், எஃப் எண் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரையும் (எண் சிறியதானால் துளை பெரிது), ஐ.எஸ். நடுக்கக் கட்டுப்பாட்டையும் குறிக்கும். இந்த இரண்டு லென்ஸ்களில் முதலாவதை 2017 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் புதிதாக வாங்கினேன். இரண்டாவதை அடுத்த ஆண்டு நடுவில், ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். இரண்டையும் இ.ஓ.எஸ். 80டி கேமராவிலேயே பயன்படுத்தினேன். நான் சொல்லும் 70-200 என்பது 2006இல் வந்த முதல் ஐ.எஸ். பதிப்பு, 2018இல் வந்த இரண்டாம் பதிப்பு அன்று.

தாளில் வைத்துப் பார்த்தால் 70-300ஐ எடுப்பதே அறிவுடைமை என்று தோன்றும். எடை 710 கிராம். மற்றது 760 கிராம். சுருக்கி வைத்தால் இதன் நீளம் பதினான்கரை சென்டிமீட்டர். மற்றது பதினேழுக்குச் சற்று மேல். ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 67 மி.மீ.தான், மிகக் குறைந்த ஃபோகஸ் தூரமும் இரண்டுக்கும் 1.2 மீட்டர். நடுக்கக் கட்டுப்பாடு இரண்டிலும் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காவதற்குச் சமம்) என்றே கேனன் குறிப்பிடுகிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, கூடுதலாக 100 மி.மீ. கிடைக்கிறதென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 80டி போன்ற சிறிய சென்சார் கேமராவின் 1.6 மடங்குக் கணக்கில் ஒன்று 480 மி.மீ. வரையிலும் மற்றது 320 மி.மீ. வரையிலும் செல்லும் பார்வையைத் தருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நானும் முதலில் 70-300ஐ வாங்கினேன்.

முதல் சில மாதங்கள் எனக்கு அதில் குறையே தெரியவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டி நண்பகல் வெயிலில் நடக்கும். வெளிச்சத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஆசிரியர்களின் கூடாரத்தில் இருந்தபடியே திடலின் மறுமூலையில் நீளம் தாண்டும் பிள்ளையின் முகத்தைச் சட்டகம் நிறையப் பிடிக்க முடிந்தது. அதில் ஃபோகஸ் செய்யும் நேனோ யு.எஸ்.எம். மோட்டாரின் வேகத்தைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். நேரே கேமராவை நோக்கி ஓடி வரும் பிள்ளைகளை நொடிக்கு ஏழு படம் வீதம் எடுக்கும்போது, பத்தில் எட்டுப் படம் கூர்மையாக வந்தது. 70-200 இந்த வேலையில் அதைவிடச் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தோட்டத்துச் சாலையோர மின்கம்பிக்கு மேலே ஓரிடத்தில் நின்று சிறகடித்துக்கொண்டே எலியைத் தேடும் கருந்தோள் பருந்தையும், ஆண்டின் கடைசி மாதங்களில் வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டானையும் நான் எடுத்த நல்ல படங்கள் அனைத்தும் 300 மி.மீ.இல், காலை எட்டு மணிக்குமேல் எடுத்தவை. 300இல் முழு அப்பர்ச்சரில் சிறகின் நுணுக்கம் சற்று மங்கும். எஃப் 8க்குக் குறைத்தால் தெளிந்துவிடும். வெயில் இருக்கும்வரை அது ஒரு குறையே இல்லை.

வெயில் இறங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தீமிதி மாலை ஏழு மணியை ஒட்டித்தான் தொடங்கும். பூக்குழிக்கு மூன்று பக்கமும் கூட்டம்; ஒரு பக்கம் செம்பனை வரிசை. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும், வானத்தில் வெளுப்பு இருக்கும்போதே தரையில் இருட்டு வந்துவிடும். ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம் என்று கோவில் தலைவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்காவிட்டாலும், விரதமிருந்து வருகிறவர்களின் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. தீயில் இறங்கி விரைந்து நடப்பவரின் காலும் முகமும் அசையாமல் பதிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/250 நொடியாவது வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருவிழாவில் 70-300ஐ 200 மி.மீ.க்குமேல் நீட்டிப் பார்த்தால், அப்பர்ச்சர் 5.6ஐத் தொட்டுவிட்டது, 1/250க்கு ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 12800 கேட்டது. 80டியில் அந்த அளவுக்கு ஏற்றினால் மஞ்சள் துணியின் மடிப்பெல்லாம் மணல்போல் ஆகிவிடுகிறது. அதே இடத்தில் எஃப் 4 கிடைத்தால் ஐ.எஸ்.ஓ. 6400 போதும். ஒரு ஸ்டாப் என்று எழுதும்போது சிறியதாகத் தெரிவது, அச்சிட்டுக் கோவில் சுவரில் மாட்டும் படத்துக்கும் கைப்பேசியில் மட்டும் பார்க்கத்தக்க படத்துக்கும் உள்ள வித்தியாசமாக இருந்தது. அந்தத் திருவிழா முடிந்த இரண்டாம் வாரத்தில்தான் ஸ்டூடியோ அண்ணனிடம் போய், விற்கக் காத்திருந்த 70-200ஐக் கேட்டேன்.

இங்கே நடுக்கக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். நான்கு ஸ்டாப் நடுக்கக் கட்டுப்பாடு நம் கை நடுங்குவதை ஈடுசெய்யும். எதிரில் இருப்பவர் நகர்வதை அது நிறுத்தாது. கருவறை விளக்கொளியில் அசையாமல் நிற்கும் அம்மனை 200 மி.மீ.இல் 1/30 நொடியில் கையால் பிடித்தே எடுத்திருக்கிறேன், இரண்டு லென்ஸிலும். நடப்பவரை அப்படி எடுக்க முடியாது. அங்கே உதவுவது அகன்ற அப்பர்ச்சர் மட்டுமே. அதுபோலவே, தணலுக்கு மேலே எழும் சூட்டில் காற்று அலையலையாய் நடுங்கும். அதன் ஊடாகத் தூரத்தில் இருந்து எடுத்தால் எந்த லென்ஸாலும் கூர்மை வராது. இதை லென்ஸின் குறை என்று எண்ணி நான் ஓர் இரவு முழுவதும் வருந்தியிருக்கிறேன். இப்போது பூக்குழியின் குறுக்கே எடுப்பதை விட்டுவிட்டு, பக்தர் தணலைக் கடந்து பால்குழியில் கால் வைக்கும் முனையில் நின்றுகொள்கிறேன். அந்த இடத்துக்கு 200 மி.மீ. தேவைக்கு அதிகம்.

கூகையின் கதையும் இதுதான். எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காக மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். பெட்டியின் வாயில் அந்த வெள்ளை முகம் தோன்றும் நேரம், பகல் வெளிச்சம் முற்றிலும் அணைந்துவிட்ட நேரம். 300 மி.மீ. இருந்தும் எனக்கு அங்கே ஒரு நல்ல படம்கூடக் கிடைக்கவில்லை. 70-200ஐ எஃப் 4இல் திறந்து, பத்தடி முன்னால் நகர்ந்து, மரத்தோடு சாய்ந்து எடுத்தபோது கிடைத்தது. பறவைக்கு 200 போதாது என்று சொல்கிறவர்கள் திறந்த சதுப்பு நிலத்தையும் ஆற்று முகத்தையும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்வது சரி. கோலசிலாங்கூரில் சிலாங்கூர் ஆற்றின் மேல் வட்டமிடும் செம்பருந்துக்கு 300கூடப் போதாது. ஆனால் அங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் ஆரஞ்சு நிறக் குட்டியை மார்பில் அணைத்தபடி நம் காலடிக்கே வந்து உட்காரும் வெள்ளிக் குரங்குகளுக்கு 100 மி.மீ. தாராளம்.

தூரம் மிக வேண்டியபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் கேனனின் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் 3. அதை 70-200க்குப் பின்னால் மாட்டினால் 98-280 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் ஒன்று கிடைக்கிறது. 225 கிராம் எடை கூடுகிறது. 280க்கும் 300க்கும் உள்ள இடைவெளி படத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. 70-300இல் இந்த எக்ஸ்டெண்டரை மாட்ட முடியாது. மாட்ட முடிந்திருந்தாலும் அது ஒருபோதும் எஃப் 4 ஆகப்போவதில்லை. என் முடிவை இறுதியாகத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். எங்கள் ஊரில் தூரம் தீர்வதற்கு முன்னால் வெளிச்சம் தீர்ந்துவிடுகிறது, எனவே வெளிச்சத்தைத் தரும் லென்ஸை அடிப்படையாக வைத்துக்கொண்டு தூரத்தைத் தேவைக்குச் சேர்த்துக்கொள்வதே எனக்குப் பொருந்தியது. இதற்கு விலையும் உண்டு. எக்ஸ்டெண்டர் மாட்டியபின் ஃபோகஸ் வேகம் கண்கூடாகக் குறைகிறது. பஞ்சுருட்டான் பறக்கும்போது பிடிக்க இன்றும் 70-300ஐயே விரும்புவேன். செம்மண் புழுதி பறக்கும் திடலில் லென்ஸைக் கழற்றி எக்ஸ்டெண்டரை மாட்டுவதும் சென்சாருக்கு நல்லதன்று.

2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்ட வாரத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட காற்றில் லென்ஸை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு புகையைத்தான் படம் எடுக்கிறோம். இரண்டும் ஒன்றுபோலவே தோற்றன.

நெடுநாள் பயன்பாட்டில் மட்டும் தெரியவரும் ஒன்று, பூஞ்சை. 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது 70-200, ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட்டில் இருந்தது. 70-300 பையோடு அலமாரியில் இருந்தது. ஜூனில் எடுத்துப் பார்த்தபோது 70-300இன் உள் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்திருந்தது. தவறு முழுக்க என்னுடையது. கிள்ளானில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். படத்தில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். 70-300ஐ ஸூம் செய்யும்போது முன்பகுதி வெளியே நீள்கிறது. ஒவ்வொரு முறையும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. 70-200இல் ஸூமும் ஃபோகஸும் உடலுக்குள்ளேயே நடக்கின்றன. மேலும் அது தூசுக்கும் ஈரத்துக்கும் எதிராக மூடப்பட்டது, மற்றது அப்படியன்று. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வரும் நம் நாட்டில் இது சிறிய விஷயமில்லை. ஒருமுறை பரிசளிப்பின் நடுவே மழை கொட்டியபோது, 70-200ஐத் துண்டால் ஒற்றி ஒற்றித் தொடர்ந்து எடுத்தேன். 70-300 ஆக இருந்திருந்தால் பைக்குள் போயிருக்கும். எந்த லென்ஸ் வாங்கினாலும் கூடவே ஒரு சிறு டிரை கேபினெட்டையும் வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும்படி எல்லாரையும் வேண்டிக்கொள்கிறேன்.

70-300இன் மேலுள்ள, தகவல் காட்டும் சிறு திரையை இந்த ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட உண்மையான தேவைக்குப் பார்த்ததில்லை. அதன் நிழல்மூடியை (லென்ஸ் ஹுட்) தனியாக வாங்க வேண்டியிருந்தது. 70-200க்குப் பெட்டியிலேயே வந்தது. 70-200இன் வெள்ளை நிறம் மட்டும் எனக்கு இன்றும் சங்கடம் தருகிறது. அதைக் கண்டதும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு விரல் காட்டி நிற்கிறார்கள், பெற்றோர், "சார், எந்தப் பத்திரிகையில் வரும்?" என்று கேட்கிறார்கள். கறுப்பு 70-300இல் எடுத்த வகுப்பறைப் படங்களில் இருக்கும் இயல்பு இதில் வருவதற்கு, பிள்ளைகளுக்கு நடுவில் அரைமணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

என் 70-300 இப்போது காப்பாரில் இருக்கும் தங்கை மகனிடம் இருக்கிறது. அவன் பகலில் நடக்கும் காற்பந்தாட்டங்களை எடுக்கிறான். அவனுக்கு அதுவே சரியான லென்ஸ், அதை விற்று 70-200 வாங்கும்படி நான் சொல்லமாட்டேன். கோவில், கல்யாண மண்டபம், மாலைநேரத் தோட்டம் என்று எடுப்பவர்களுக்கு 70-200ஐயே சொல்வேன். பலரும் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்கு மாறிவருவதால் அது பழையதாகக் கிடைக்கிறது. அடாப்டர் வைத்துக் கேனனின் புதிய ஆர் வகைக் கேமராக்களிலும் மாட்டலாம். பழையது வாங்கும்போது இரு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையில் டார்ச் விளக்கை அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். நூல்போலவோ பனிபோலவோ ஏதும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஷட்டரைப் பாதி அழுத்தி நடுக்கக் கட்டுப்பாட்டின் ஒலியைக் கேளுங்கள். மெல்லிய உறுமல் இயல்பு, படம் குதித்தால் பழுது. 200இல் எஃப் 4இல் ஓர் எழுத்துப்பலகையை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு கூர்மையாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நான் இதையெல்லாம் அண்ணனின் ஸ்டூடியோ வாசலில் நின்று, எதிர்க்கடைப் பலகையை வைத்து, அவர் கொடுத்த டார்ச் விளக்காலேயே செய்தேன். "நல்லாப் பாத்துக்க தம்பி" என்று அவரும் ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.