கோல்டுஃபிஷ் தொட்டிக்கென்று தரைச் செடியை விற்கிறார்கள், கவனம்

சென்னை கொளத்தூர் பக்கம் தொட்டி மீன், செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தண்ணீருக்குள் வாழவே முடியாத தரைச் செடிகளைத் தொட்டிச் செடி என்று சொல்லி விற்கிறார்கள். எல்லாக் கடைகளையும் சொல்லவில்லை. நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். எனக்கு வாய்த்த கடை அப்படி இல்லை.

கோல்டுஃபிஷ் மென்மையான இலையைக் கடித்துத் தின்னும், அடியில் இருக்கும் கல்லையும் கிளறும், அதைத் தாங்குகிற செடி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். கடையில் இருந்த தம்பி தண்ணீருக்குள் இருந்தே மூன்று வகை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் கோடு போட்ட இலையோடு மூங்கில் மாதிரி ஒன்று, ஊதா இலை ஒன்று, அம்புமுனை வடிவ இலை ஒன்று. "நல்ல ஸ்ட்ராங்கான செடிக்கா, மீன் தொடவே தொடாது" என்றார். கூடவே ஒரு உர பாட்டிலையும் தலையில் கட்டினார்.

அந்த மூங்கில் உண்மையில் டிரசீனா. மற்றவை ஹெமிகிராஃபிஸ், சிங்கோனியம். மூன்றுமே வீட்டு வாசலில் மண்தொட்டியில் வைக்கிற செடிகள். இவற்றின் இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துப் பழகியது. முழுக்க மூழ்கடித்தால் மூச்சுத் திணறி, தன்னிடம் இருக்கும் சத்தை வைத்துக் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். அந்தக் கொஞ்ச நாள்தான் கடைக்காரருக்குப் போதும். அப்புறம் தண்டு அடியிலிருந்து கொழகொழவென்று அழுகும்.

அழுகலைக் காட்டிக் கேட்டபோது, "இடம் மாறினா மெல்ட் ஆகும்க்கா, புது இலை வரும்" என்று பதில் வந்தது. என்னை அதிகம் கோபப்படுத்தியது இந்தப் பதில்தான். ஏனென்றால் கிரிப்டோகோரைன் என்கிற நீர்ச்செடிக்கு அது உண்மை: இலையெல்லாம் கரைந்தாலும் வேர் உயிரோடு இருந்து மறுபடி துளிர்க்கும். அந்த உண்மையை எடுத்து டிரசீனாவுக்கு மாட்டிவிட்டார். அதை நம்பிக் காத்திருந்த நாட்களில் தொட்டியில் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறியது. கோல்டுஃபிஷ் சாதாரணமாகவே அதிகம் கழிவு விடுகிற மீன், அதோடு அழுகலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செடிகளைப் பிடுங்கி, குளோரின் நீக்கிய தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் என் பிளாக் மூர் வகை கோல்டுஃபிஷ் பிழைக்கவில்லை. செடிக்குக் கேரண்டி கிடையாது என்று கடையில் முடித்துவிட்டார்கள்.

வாங்கும்முன் செடியை வெளியே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற நீர்ச்செடிகள் காற்றில் துவண்டு தொங்கும். தண்டு விறைப்பாக நின்று, இலை மெழுகு பூசியது போல் மினுங்கினால் சந்தேகப்படுங்கள். இதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது, அனுபியாஸ் என்கிற நீர்ச்செடி நிஜமாகவே விறைப்பானதுதான். அதனால் பெயரைக் கேளுங்கள். "பேம்பூ", "கலர் பிளான்ட்" என்று மட்டும் சொன்னால் வாங்காதீர்கள்.

கோல்டுஃபிஷ்ஷோடு தாக்குப்பிடிப்பவை அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இரண்டின் கிழங்குத் தண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் வேர் தானே பற்றிக்கொள்ளும். மீனால் பிடுங்கவும் முடியாது. ரொம்ப வெளிச்சமும் வேண்டாம், அதிகமானால் இலையில் பாசிதான் படியும். மணிபிளான்ட் ஆசை இருந்தால் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டி விளிம்பில் வையுங்கள், நன்றாக வளரும்.

ஏற்கெனவே டிரசீனாவை மூழ்கடித்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தண்டு இன்னும் கெட்டியாக இருந்தால் மண்ணில் நட்டால் பிழைக்கும். இனி வாங்கும்போது செடியின் பெயரைப் போட்டு பில் கேளுங்கள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். என்னிடம் வெறும் தொகை எழுதிய துண்டுச்சீட்டைத்தான் கொடுத்தார்கள்.