ட்ரேசிங்கோடு நான்கு வருடம்

எங்கள் டீமில் 8 பேர், 23 மைக்ரோசர்வீஸ், அதாவது ஒரே ஆப்பைப் பிரித்துத் தனித்தனியாக ஓடவிட்ட சின்ன ப்ரோக்ராம்கள். இந்தக் கணக்கே இடிக்கிறது என்று எங்களுக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. உறைக்க வைத்தது ட்ரேசிங்: ஒரு ரிக்வெஸ்ட் எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போகிறது என்று பதிவு செய்யும் ஓப்பன்டெலிமெட்ரியும், அந்தப் பதிவைத் (ட்ரேஸை) திறந்து பார்க்க உதவும் ஜேகரும்.

முன்பெல்லாம் ஆர்டர் ஒன்று பாதியில் நின்றால், ஆறு சர்வீஸின் லாகையும் (நடந்ததை நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவு) திறந்து வைத்து நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருத்துவோம். சர்வர் கடிகாரங்கள் கொஞ்சம் விலகியிருந்தால் போச்சு, எது முதலில் நடந்தது என்பதிலேயே வாக்குவாதம். இப்போது ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும்போதே ஒரு ட்ரேஸ் ஐடி கிடைத்துவிடுகிறது. ரிக்வெஸ்டோடு சேர்ந்து போகும் ட்ரேஸ்பேரன்ட் ஹெடரில் ஏறி அது கடைசி சர்வீஸ் வரை போகிறது.

ஒரு ராத்திரி எல்லாமே திணறியது. ட்ரேஸைத் திறந்தால் ஒரே ரிக்வெஸ்டுக்குக் கீழே ஸ்டாக் சர்வீஸுக்கு 27 கால். ரிக்வெஸ்ட் முதலில் நுழையும் கேட்வே, ஆர்டர் சர்வீஸை 3 தடவை கூப்பிட, ஆர்டர் ஒவ்வொரு தடவையும் விலை சர்வீஸை 3 தடவை கூப்பிட, அது ஸ்டாக்கை மும்மூன்று தடவை தட்டியிருக்கிறது. பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடும் ரீட்ரையை வைத்த மூன்று பேருமே நல்லது நினைத்துத்தான் வைத்தார்கள். விழுந்து கிடந்த சர்வீஸை எழவிடாமல் மிதித்தது நாங்களேதான்! மறுநாளே ரீட்ரையை ஓரிடத்தில் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தோம்.

குறைகளும் உண்டு. கியூ வழியாக, அதாவது மெசேஜாக வரிசையில் காத்திருந்து போகும் வேலைகளில் ட்ரேஸ் அறுந்துபோனது. ஐடியை மெசேஜோடு நாமே கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. செலவுக்குப் பயந்து, ரிக்வெஸ்ட் தொடங்கும்போதே தேர்ந்தெடுத்து 1% ட்ரேஸ் மட்டும் சேமித்தோம், தேடும்போது தேவையான ட்ரேஸ் இருக்காது. முடிவைப் பார்த்துச் சேமிக்கும் டெயில் சாம்ப்ளிங்குக்கு மாறியபின் எரர்கள் தப்புவதில்லை, ஆனால் ஒரு ட்ரேஸின் எல்லா ஸ்பானும் (ட்ரேஸில் ஒவ்வொரு வேலைக்குமான பதிவு) அவற்றைச் சேகரிக்கும் ஒரே கலெக்டருக்குப் போயாக வேண்டும், மெமரியும் தின்கிறது. பழைய ட்ரேசிங் திட்டங்களான ஓப்பன்ட்ரேசிங்கும் ஓப்பன்சென்சஸும் 2019-ல் ஒன்றாகி உருவானது ஓப்பன்டெலிமெட்ரி. அதனால் தேடினால் பழைய பாணி கோடும் கலந்து வரும். அதைக் காப்பியடித்து அரைநாள் தொலைத்திருக்கிறேன்.

எதிர்பாராத பலன் ஒன்று. விலை, தள்ளுபடி, வரி மூன்றும் எந்த ட்ரேஸிலும் ஒட்டியேதான் வந்தன. புது வெர்ஷனை ஏற்றும் டிப்ளாயும் எப்போதும் சேர்ந்தேதான். மூன்றையும் ஒன்றாக்கினோம். அப்படியே குறைத்துக் குறைத்து இப்போது 14-ல் நிற்கிறோம்.

அதில் ஒன்று மட்டும் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. தினமும் ட்ரேஸில் வருகிறது, 40 மில்லிசெகண்டில் பதில் சொல்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போயாச்சு. நிறுத்திப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.