மோட்டார் வைத்த முதுகுத் தாங்கி: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

ரப்பர் வேலை முழுக்கக் குனிவுதான். பால்வெட்டும் அப்படி, சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றுவதும் அப்படி, புரையில், அதாவது கொட்டகையில், ரப்பர் ஷீட் அடிப்பதும் அப்படி. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. எனக்குக் கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி, வலி அடங்கிய பிறகு, பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு பேட்டரியில் ஓடும் முதுகுத் தாங்கி ஒன்றை வெளிநாட்டிலிருக்கும் மச்சான் மூலம் வாங்கினேன்.

இடுப்பில் பெல்ட், தோளிலும் தொடைகளிலும் பட்டை, இடுப்பின் இரண்டு பக்கமும் மோட்டார். நாம் எவ்வளவு சாய்கிறோம் என்று சென்சார் பார்க்கும். நிமிரும்போது மோட்டார் தொடையில் ஊன்றி நெஞ்சை மேலே தள்ளும். முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இழுக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. பால் நிறைந்த வாளியைத் தூக்கும்போது இது நன்றாகவே தெரிகிறது.

தொந்தரவும் உண்டு. நம்மூர்ப் புழுக்கத்தில் தொடைப்பட்டை நனைந்து தோல் உரிகிறது. மேட்டுத் தோட்டத்தில் சரிவு இறங்கினால், குனிகிறேன் என்று நினைத்து மோட்டார் தள்ளும். அப்போது அணைத்துவிடுவேன்.

எனக்குப் பெரிய குறை வேறு. உதவியின் அளவு மூன்று படிதான். தசை தேறத் தேற உதவி குறைய வேண்டும் என்பார் பிசியோ. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம். என் முதுகு தானாக எவ்வளவு உழைக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது, சாய்வு மட்டும்தான் தெரியும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுனில் அகர்வால் குழு 2018-இல் வெளியிட்ட 'ரோஸ்' கருவி இந்த இடத்தைத் தொட்டது. முதுகு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸுக்கான ஆய்வு அது. உடம்பைச் சுற்றி மூன்று வளையங்கள், அடுத்தடுத்த இரண்டு வளையங்களுக்கு நடுவே மோட்டாரில் நீளும் ஆறு கால்கள். உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று அது அளந்து காட்டும். இடுப்பு வலிக்காரருக்கும் அப்படி அளந்து, தேவைக்கு மட்டும் தள்ளுகிற கருவி வர வேண்டும். நம் மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால் என் முதுகிலேயே சோதித்துப் பார்க்கலாம். கழற்றித் துவைக்கிற பட்டையும், படியில்லாமல் திருகிக் குறைக்கிற குமிழும் முதலில் வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வலி குறைந்து, பிசியோ சரி என்ற பிறகு வாங்குங்கள், பயிற்சியை விடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.