லைசென்ஸ் புதுப்பிக்கிறீர்களா? நான் ஏமாந்ததைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

2005-இல் எடுத்த என் டிரைவிங் லைசென்ஸ் 2025 ஜூலை 18-ஆம் தேதியோடு முடிகிறது என்பதை மே கடைசியில்தான் கவனித்தேன். அப்போதெல்லாம் இருபது வருஷத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், யாருக்குத் தேதி நினைவிருக்கும்? வீட்டில் இருப்பது ஒரே ஸ்கூட்டர். பையனைப் பள்ளியில் விடுவதும் நான் வேலைக்குப் போவதும் அதில்தான்.

ஆன்லைனிலேயே முடியும் என்று சொன்னார்கள். கூகுளில் தேடி, முதலில் வந்ததைத் திறந்தேன். சிங்கமுகச் சின்னம், மேலே மூவர்ணப் பட்டை, எல்லாம் அரசுத் தளம் போலவே இருந்தது. ஆதாரின் இரண்டு பக்கமும் பழைய லைசென்ஸும் போட்டோ எடுத்து ஏற்றினேன். 1,499 ரூபாய் கேட்டது, ஜிபேயில் கட்டினேன். உடனே ஒரு விண்ணப்ப எண் வந்தது. ஏழு வேலை நாளில் கார்டு வீடு தேடி வரும் என்று போட்டிருந்தது.

கார்டு வரவில்லை, போன்தான் வந்தது. “மேடம், உங்க மெடிக்கல் பெண்டிங்ல இருக்கு. 850 கட்டினா இன்னைக்கே அப்ரூவ் ஆகிடும், ஓ.டி.பி. வரும், சொல்லுங்க.” அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு, லைசென்ஸுக்கென்று அரசு நடத்தும் உண்மையான தளமான சாரதியில் அந்த விண்ணப்ப எண்ணையும் என் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. திரும்பப் போய் அந்தப் போலித் தளத்தின் அடி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். வெளிர் சாம்பல் எழுத்தில், எறும்பு அளவில் இரண்டு வரி: இது தனியார் ஆலோசனைச் சேவை, அரசுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கட்டிய தொகை திருப்பித் தரப்படாது.

1930-க்குக் கூப்பிட்டுச் சைபர் கிரைமில் புகார் பதிந்தேன். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நான் சொன்னபோது பத்து நாள் ஆகிவிட்டது. பணத்தைவிட ஆதார் போனதுதான் இன்னும் நெஞ்சை அரிக்கிறது. அன்றைக்கே எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்தேன்.

சரி, நேரிலேயே போய்விடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒருவர், “அக்கா, ரினியூவலா? 2,500 கொடுங்க, நீங்க உள்ளேயே வர வேண்டாம்” என்றார். களைப்பில் 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நாற்பது வயது தாண்டினால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். எல்லாம் 1ஏ படிவங்கள். பெயரும் வயதும் எழுதும் இடம் காலி, கீழே கையெழுத்தும் சீலும் தயாராக இருந்தன. என் கண்ணை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இந்த வருஷம்தான் கண்ணாடி போட்டது. அதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. அடுத்து கம்ப்யூட்டரில் என் மொபைல் எண் கேட்கும் இடத்தில் அவர் எண்ணைத் தட்டினார். ஓ.டி.பி. எல்லாம் இனி அவருக்குத்தான் போகும்! எழுந்து வந்துவிட்டேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

அப்புறம் நானே செய்தேன். சாரதி இருக்கும் பரிவாகன் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் (gov.in) என்று முடியும். அப்படி முடியாத எதையும் தொடாதீர்கள். புதுப்பிக்க 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய், அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம், அவ்வளவுதான். எங்கள் தெரு டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி, நிறம் கேட்டு, கண்ணாடியோடும் இல்லாமலும் பார்த்துவிட்டுத்தான் 1ஏ-வில் கையெழுத்துப் போட்டார். ஸ்லாட் எடுத்து ஒரு நாள் நேரில் போய் அசல்களைக் காட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகவே பேசினார். கார்டு ஸ்பீடு போஸ்டில் வந்தது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தபாலில்தான் அனுப்புகிறார்கள், அதனால் “கையிலேயே வாங்கித் தர்றேன்” என்று எந்த புரோக்கர் சொன்னாலும் நம்பாதீர்கள். வீடு மாறியிருந்தால் முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள்.

இதற்குள் ஜூலை 18 தாண்டிவிட்டது. முன்பு முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும். 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அதனால் கார்டு வரும்வரை பையனோடு டவுன் பஸ்ஸில்தான் போனேன். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். போலித் தளத்தை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு நாள் இப்படித்தான் கரைகிறது.

நேற்று தேடிப் பார்த்தேன். அந்தத் தளம் இன்னும் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதே சின்னம், அதே 1,499.